பெர்ரியில் பினாங்கு: முப்பது பேரை ஒரு நாள் அழைத்துப் போய்த் திரும்பும் வழி

பினாங்குக்குக் கூட்டமாகப் போய்வரலாம் என்று பேச்சு எழுந்த உடனே யாராவது ஒருவர் பஸ் பேசிவிடுவார். 1985இல் திறந்த பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். சனிக்கிழமை காலையில் அதில் ஏறினால் முன்னால் நிற்கும் லாரியின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். தீவில் இறங்கிய பிறகு பஸ்ஸை நிறுத்த இடம் தேடி ஓட்டுநர் அலைவார், பிறகு நாம் அவரைத் தேடி அலைவோம். இரண்டு முறை அப்படிப் பட்டதற்குப் பிறகு எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) குழுவை நான் பெர்ரியில்தான் அழைத்துப் போகிறேன். இதுவரை ஆறு முறை ஆயிற்று. ஆகக் குறைந்தது 18 பேர், ஆகக் கூடியது 34 பேர்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். அவர் இந்த ஊரை முதலில் பார்த்தது தண்ணீரில் இருந்துகொண்டு. ஊரும் அப்படிப் பார்ப்பதற்கென்றே எழுந்தது. அதன் முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. பாலத்தின் வழியாக நுழைவது, வாசல் இருக்கும்போது பின்கட்டு வழியாக வீட்டுக்குள் போவது போல. ஆகவே இந்த வழிகாட்டியில் பெர்ரிப் பயணத்துக்குத்தான் அதிக இடம். சாப்பாட்டுக்கும் இருக்கிறது, கவலை வேண்டாம்.

எந்தப் படகில் ஏறுகிறோம்

பெருநிலத்துப் பட்டர்வொர்த்துக்கும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கும் இடையே முறையான பெர்ரிச் சேவை 1894இல் தொடங்கியது. மலேசியாவிலேயே பழமையானது. 1925இல் கார்களையும் ஏற்றத் தொடங்கினார்கள். நம்மில் நாற்பது வயது கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு வந்த பெரிய பெர்ரிகளை: காரும் லாரியும் மனிதரும் ஒன்றாக ஏறிக்கொண்ட, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று சொல்ல முடியாத படகுகள். இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருந்ததால் அவை கரையில் திரும்ப வேண்டியதில்லை, வந்தபடியே போகும். பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் உண்டான் என்று எல்லாவற்றுக்கும் தீவுகளின் பெயர். தீவுக்குப் போகும்போது மட்டும் காசு, திரும்பி வர இலவசம். பினாங்குக்காரன் கெட்டிக்காரன், உள்ளே விடக் காசு கேட்பான், வெளியே போகச் சும்மா விடுவான் என்று தாத்தா சிரிப்பார்.

அந்தப் பெர்ரிகள் 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ஓய்வுபெற்றன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. இவற்றுக்குக் குடாக்களின் பெயர்: தெலுக் பஹாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார். ஒன்றில் 250 பயணிகளும் 50 மோட்டார் சைக்கிள்களும் போகலாம். கார் ஏறாது. இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காரோடு ஏறிவிடலாம் என்று நம்பி வருகிற ஒரு மாமா ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார். முப்பது பேருக்கு முன்பதிவு தேவையில்லை, ஒரே படகில் தாராளமாக ஏறலாம்.

நாள் குறிப்பது

சனி அல்லது ஞாயிறு நல்லது. வார நாட்களின் காலையில் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்கள் தொழுகைக் கூட்டத்தால் நிறையும். அது ஓர் அழகான காட்சிதான், ஆனால் முப்பது பேரை வரிசையாக நடத்திச் செல்ல ஏற்ற வேளை அல்ல.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். மழை பெய்தாலும் பெர்ரி ஓடும். நம் கூட்டம்தான் ஓடாது. ஆண்டின் நடுப்பகுதியில் விடியற்காலையில் சில நாள் 'சுமத்திரா' என்கிற காற்றுமழை வந்து அடிக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்படிப்பட்ட காலையில் பட்டர்வொர்த்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு ஏறுவது மேல்.

தைப்பூசத்தன்று இந்தத் திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். அன்றைக்குப் பினாங்குக்குப் போகிறவர் தைப்பூசத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆட்களும் பணமும்

முப்பது பேரை ஒருவர் கவனிக்க முடியாது. ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கணவன் மனைவியை ஒரே பிரிவில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பிரித்துப் போட்டால் இருவருமே நேரத்துக்கு வருகிறார்கள் என்பது என் அனுபவம். பொறுப்பாளர் தன் ஆறு பேரை எண்ணினால் போதும், நீங்கள் ஐந்து பொறுப்பாளர்களை எண்ணினால் போதும். ஏறும்போது எண்ணுவதைவிட இறங்கிய பிறகு எண்ணுவது முக்கியம்.

பணம்: முன்கூட்டியே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பொதுப் பையில் வையுங்கள். மதியச் சாப்பாடு, தண்ணீர், அவசரச் செலவு மூன்றும் அதில் அடங்கும். அவரவர் வாங்கும் முறுக்குக்கும் மாலைக்கும் அவரவர் பணம். இந்தக் கோட்டை முதலிலேயே கிழித்துவிடாவிட்டால் சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது நட்பு கெடும்.

பெர்ரிக் கட்டணம் சிறிய தொகைதான். ஆனால் நுழைவாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டையைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆளுக்கொரு டச் அண்ட் கோ அட்டையும் அதில் போதிய பணமும் இருக்கின்றனவா என்று முதல் நாள் இரவே கேட்டு உறுதி செய்யுங்கள். மூன்றாவது பயணத்தில் நான் கேட்கவில்லை. நுழைவாயிலில் ஒரு பெரியம்மாவின் அட்டையில் பணம் இல்லை என்று தெரிய, அவருக்கு உதவ நின்ற ஐந்து பேரும் வெளியிலேயே தங்கிவிட, மற்றவர்களோடு படகு கிளம்பிவிட்டது. அந்த ஆறு பேரிடம்தான் எல்லோருக்குமான காலை இட்லிப் பொட்டலமும் இருந்தது. அக்கரையில் இருபது பேர் பசியோடு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதிலிருந்து இரண்டு விதிகள்: பொறுப்பாளர் தன் பிரிவின் கடைசி ஆளாக நுழைய வேண்டும், உணவுப் பை முதல் ஆளோடு போக வேண்டும்.

கூடும் இடம்

பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், பட்டர்வொர்த் ரயில் நிலையம், பெர்ரி முனையம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் நான்கு மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து வரும் உறவினர்கள் முதல் நாளே வந்து யாராவது வீட்டில் தங்குவது நல்லது. அன்று காலை ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்பவரை நம்பி முப்பது பேரைக் காக்க வைக்காதீர்கள்.

காலை ஏழரைக்குக் கூடி எட்டு மணிக்குப் படகு ஏறுவது சரியான கணக்கு. நடக்க முடியாதவர்களுக்காக நடைபாதையின் தூரத்தையும் படிகளையும் முன்னதாக ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பேரக்குழந்தைகள் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று நம்பிச் சக்கர நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு தாத்தா எங்கள் குழுவில் உண்டு. எதைத் தள்ளுவது என்று பேரன் கேட்டான்.

கடக்கும் பதினைந்து நிமிடம்

தூரம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் பலர் இதைப் பஸ் பயணம் போல எண்ணிக் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்துவிடுகிறார்கள். ஏறியதும் நல்ல இருக்கை தேடி ஓடாமல், வெளியே நன்றாகத் தெரியும் பக்கமாகக் குழுவை நிறுத்துங்கள். குழந்தைகள் தடுப்புக் கம்பியில் ஏறக் கூடாது. இதை ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னால் போதும், ஒன்பது முறை கெஞ்சினால் ஏறத்தான் செய்வார்கள்.

படகு கரையை விட்டதும் இடப்பக்கம், தெற்கே பாருங்கள். பாலம் ஒரு நீண்ட கோடாகத் தெரியும். அதற்கு அப்பால் இருப்பது ஜெரேஜாக் தீவு. இங்கே பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டில் முதலில் தொழுநோயாளிகளுக்கும், பிறகு கப்பலில் வந்து இறங்குகிறவர்களைத் தடுத்துவைத்துச் சோதிப்பதற்கும் அந்தத் தீவைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் மலாயா மண்ணில் முதலில் கால்வைத்தது அங்கேதான். தாத்தா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "அங்கே சோறு போட்டார்கள், ஆனால் எங்களை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு பயணத்திலும் ஆட்களை எண்ணும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நம் மக்களை ஏற்றி இறக்கியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. குழுவில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால் இந்த இரண்டு பெயர்களைச் சும்மா சொல்லிப் பாருங்கள். எங்கள் நான்காவது பயணத்தில் அப்படிச் சொன்னபோது, அதுவரை வாய் திறக்காமல் வந்த ஒரு பாட்டி, தன் தகரப் பெட்டியில் என்னென்ன வைத்திருந்தார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். புளி, வசம்பு, ஒரு பித்தளைச் செம்பு. படகு கரை சேர்ந்த பிறகும் அவர் முடிக்கவில்லை.

நேர் எதிரே கொம்தாரின் 68 மாடிக் கோபுரம், அதற்குப் பின்னால் பினாங்கு மலை. நெருங்க நெருங்கக் கரையோரக் கட்டடங்களில் மணிக்கூண்டு வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று தனித்துத் தெரியும். இன்று அது சுங்கத் துறையின் கட்டடம். கட்டியபோது அது ரயில் நிலையம்! தீவில் தண்டவாளம் கிடையாது. ஆனால் அங்கே டிக்கெட் வாங்கி, பெர்ரி ஏறி, அக்கரையில் ரயில் பிடித்தார்கள். ரயில் வராத ரயில் நிலையம் என்று சொன்னால் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள். பந்தயம் கட்டுங்கள், நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். 1988 ஜூலை 31ஆம் தேதி, குவான் யின் விழாவும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவும் ஒன்றாகச் சேர்ந்த நாளில், கூட்டத்தின் பாரம் தாங்காமல் பட்டர்வொர்த் முனையத்தின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இன்றைய முனையங்கள் வேறு. ஆனாலும் திருவிழா நாட்களில் கூட்டம் கரைந்த பிறகு கடைசியாக இறங்குவதுதான் என் வழக்கம்.

படகுத் துறைகள்

இறங்கி இடப்பக்கம் சில நிமிடம் நடந்தால் சீனக் குலங்களின் மரத்துறைகள்: லிம், சியூ, டான், லீ, இயோ. நீரில் ஊன்றிய கால்களின் மேல் பலகைப் பாதையும் இருபுறமும் வீடுகளும். சரக்குப் படகோட்டிகளின் குடியிருப்பாக இவை வளர்ந்தன. நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகள் இறக்கிய மூட்டைகளைக் கரையில் சுமந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சியூ துறைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். காலை ஒன்பதுக்கு முன் போனால் அமைதியாக இருக்கும். அவை இன்றும் ஆட்கள் வாழும் வீடுகள். முப்பது பேராகச் சத்தமிட்டுக்கொண்டு நுழையாமல் இரண்டு பிரிவுகளாகப் போங்கள். வாசலில் காயப்போட்ட துணியைப் படம் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து ஊருக்குள் போகும் குறுக்குத் தெருக்களின் பெயர்ப் பலகையைக் கவனியுங்கள்: காட் லெபோ ஆர்மேனியன், காட் லெபோ சூலியா. 'காட்' என்றால் படித்துறை. வட இந்தியாவின் ஆற்றங்கரைச் சொல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. படகுகள் வந்து நின்ற இடங்கள் அவை. பீச் ஸ்ட்ரீட் என்னும் லெபோ பந்தாய்தான் ஒருகாலத்தில் கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்து இன்றைய கரைச் சாலையை உண்டாக்கினார்கள். துறையிலிருந்து லெபோ பந்தாய் வரை நீங்கள் நடப்பது பழைய கடலின் மேல்.

கால்வாயைத் தேடி

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இது. கொம்தாருக்கு அருகில் சியா போய் என்ற தொல்லியல் பூங்கா இருக்கிறது. ஹொக்கியென் மொழியில் 'ஊரின் கடைசி' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பிராங்கின் கால்வாய் அக்கால ஜார்ஜ் டவுனின் எல்லையாக இருந்தது. சிறு படகுகள் கடலிலிருந்து அதன் வழியாக உள்ளே வந்து சந்தைக்குச் சரக்கு இறக்கின. பிறகு கால்வாயை மூடி அதன் மேல் சாலைகள் வந்தன, ஊர் அதை மறந்தது. 2015இல் அகழ்ந்தபோது பழைய கரைச்சுவர்கள் வெளிப்பட்டன. 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அதில் படகு இல்லை, மீன்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அதுவே போதும். பெரியவர்களுக்கு நிழலில் உட்கார இடம் இருக்கிறது.

துறையிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். வெயில் ஏறியிருந்தால் பெர்ரி முனையத்தின் அருகே புறப்படும் இலவச 'கேட்' பஸ்ஸில் கொம்தார் வரை போகலாம். முப்பது பேரும் ஒரே பஸ்ஸில் ஏற முயலாதீர்கள்.

கோயில், பிறகு இலை

பதினொரு மணிக்குள் லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட வேண்டும். 1833இல் எழுந்த கோயில். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். தரிசனம் முடித்து வெளியே வந்தால் லிட்டில் இந்தியா. லெபோ பசாரை நம்மவர்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். பெண்களுக்கு இங்கே அரை மணி நேரம் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்று எழுதலாம் என்றிருந்தேன். உண்மையில் எங்கள் குழுவில் தாமதமாக வந்தவர்கள் பழைய பாட்டு ஒலித்த கடை வாசலில் நின்றுவிட்ட ஆண்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு கட்டாயம். முந்தைய வாரமே நேரில் போய்ச் சொல்லுங்கள், முதல் நாள் மாலை மறுபடி அழைத்து நினைவூட்டுங்கள். ஒருமுறை தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு 28 பேரோடு போய் நின்றேன். கல்லாவில் இருந்தவர் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தானே ஐயா சொன்னீர்கள்?" என்றார். மூன்று கடைகளில் பிரிந்து சாப்பிட்டோம். யாரும் பசியோடு இல்லை, ஆனால் ஒன்றாக உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிடும் மகிழ்ச்சி போயிற்று. சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்ற எண்ணிக்கையைச் சொன்னால் கடைக்காரருக்கும் எளிது.

இலைச் சாப்பாடு வேண்டாம் என்கிற இளைஞர்களை நாசி கண்டார் கடைக்கு அனுப்பிவிடுங்கள். தோளில் தடி வைத்து இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு அது. அந்தத் தடிதான் கண்டார். சாப்பாட்டுப் பெயரிலேயே காவடி இருக்கிறது.

பிற்பகல்

ஒரு மணியிலிருந்து நான்கு வரை யாரையும் வெயிலில் நடத்தாதீர்கள். பெரியவர்களுக்குத் தலைசுற்றல் வருவது இந்த நேரத்தில்தான். பெர்ரி முனையத்தின் பக்கத்திலேயே தஞ்சோங் சிட்டி மரீனாவில், பழைய 'பூலாவ் பினாங்' பெர்ரியை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். பழைய பெர்ரியில் காதலித்துத் திருமணம் செய்த ஒரு தம்பதி எங்கள் குழுவில் இருக்கிறார்கள். எந்த இடத்தில் நின்று பேசினோம் என்பதில் இன்னும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

நான்கரைக்கு மேல் கடலோரத் திடலான பாடாங் கோத்தா. பிரான்சிஸ் லைட் 1786இல் இறங்கிய முனை, கார்ன்வாலிஸ் கோட்டை. பக்கத்தில் விக்டோரியா அரசியின் அறுபது ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு. போர்க்கால குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கடற்காற்றில் உட்கார்ந்து, காய்த் துருவலும் வடையும் கலந்த பசெம்போர் சாப்பிடலாம். இங்கே நான் எதையும் விளக்குவதில்லை. எல்லோரும் களைத்திருப்பார்கள்.

திரும்புதல்

ஆறரை மணிக்கு முனையத்தில் கூடச் சொல்லுங்கள்; ஏழு மணிக்குத்தான் எல்லோரும் வருவார்கள், அதைத்தான் நீங்களும் மனத்தில் வைத்திருக்கிறீர்கள். மாதத்துக்கேற்ப ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையே பொழுது சாய்கிறது. திரும்பும் படகு கிழக்கே போகும், சூரியன் முதுகுக்குப் பின்னால் மலையில் இறங்கும். ஆகவே இம்முறை படகின் பின்பக்கத்தில் இடம் பிடியுங்கள். காலையில் முன்னால் நின்றவர்களெல்லாம் பழக்கத்தில் மறுபடி முன்னாலேயே போய் நிற்பார்கள்; கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

அக்கரையில் இறங்கியதும் ஐந்து பொறுப்பாளர்களையும் எண்ணுங்கள். பொதுப் பையில் மிஞ்சியதை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் பிரித்துக் கொடுங்கள். கடந்த முறை தலைக்கு ஒரு ரிங்கிட் நாற்பது காசு வந்தது. பெரியம்மா தன் பங்கை அங்கேயே அட்டையில் போட்டுக்கொண்டார்.